முப்பது நொடிக்கு ஒரு திருடன்

அகுவாதா தெல் சோர்ரோ
செப்டம்பர் 2, திங்கள்

அன்புள்ள எதெல்வினா,

முதலில் மானத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்து நாலு வயதில், 'வானொலி நிலைய இயக்குநர்' என்று கதவில் பித்தளைப் பலகை வைத்திருக்கிற நான், 'விருந்தில் எடுத்த உங்கள் படம், பார்த்தால் சிரிப்பீர்கள்' என்று வந்த ஒரு மின்னஞ்சலைத் திறந்தேன். படம் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். வரவில்லை. மூன்றாவது தடவை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அழுத்தினேன். அன்று மாலைக்குள் நம் நிலையத்தின் முகவரியிலிருந்து நானூறு பேருக்கு, ஆயர் உட்பட, வயிறு குறைக்கும் தேயிலை விளம்பரம் போயிருந்தது. ஆயர் ஒருவர்தான் பதில் எழுதினார். எத்தனை நாள் குடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

மாகாணத் தலைநகரிலிருந்து பன்னிரண்டு பக்கச் சுற்றறிக்கை வந்தது. கம்ப்யூட்டரின் பாதுகாப்பை இறுக்க வேண்டுமாம். ஒரு பிளாஸ்க் வெந்நீரும் மாத்தேத் தேயிலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதை மூடச் சொன்னார்களோ மூடினேன், எதைத் திருகச் சொன்னார்களோ திருகினேன். ஒரே பிற்பகலில் பன்னிரண்டு பக்கமும் முடிந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

இன்று காலை அன்செல்மோ பஸ்ஸைக் கழுவிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார்.

"ஓவிதியோ, மலைக்கு அந்தப் பக்கம் ஒன்பது நாளா வெறும் இரைச்சல்தான் கேக்குது. நீங்க செத்துட்டீங்களான்னு ஏழு வீட்ல கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன். ரெண்டு வீட்ல நம்பல."

ஊருக்குள் நான் கணீரென்று கேட்கிறேன், எதெல்வினா. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. செவிட்டு மலைக்கு அப்பால் போன் எடுக்காத அந்தப் பதினேழு வீடுகளுக்காக நான் தினம் மூன்று வேளை வாசிக்கும் செய்திகள் எல்லாம் ஒன்பது நாளாகப் பாறைகளுக்குப் போயிருக்கின்றன. 'ருபெர்த்தோவுக்கு: உன் மனைவி வெள்ளிக்கிழமை வரவில்லை, அம்மா வீட்டில் இன்னும் சண்டை முடியவில்லை' என்று உருக்கமாக வாசித்தேன். அவன் இரண்டு குதிரைகளோடு கூட்டுரோட்டில் காலையிலிருந்து நின்றிருக்கிறான். அவளுக்காகச் சவரம் வேறு செய்திருந்தானாம்.

நின்றுபோனது உன் சாஸ்கிதான். பழைய காலத்து ஓட்டத்தூதர்களின் பெயரை நீயே வைத்தாய்: மலையுச்சிக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு, ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்கு வந்து என் குரலை வாங்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் வீசுகிற சர்வீஸ். அது ஏன் வராமல் போயிற்று என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் ராஜினாமாக் கடிதத்தைச் சுருட்டி என் மாத்தே குவளைக்குள் செருகிவிட்டு ஆடு வளர்க்கப் போய் இரண்டு வருஷமாகிறது.

கோபத்தை அப்படியே வைத்துக்கொள். சாஸ்கியை எப்படி எழுப்புவது என்று மட்டும் எழுது. கடிதம் நாளை அன்செல்மோவின் பஸ்ஸில் வரும். புதன்கிழமை அவர் திரும்பும்போது பதிலைக் கொடுத்தனுப்பு.

உன் பழைய சகா,
ஓவிதியோ


எல் மோயே
செப்டம்பர் 3, செவ்வாய்

நிலைய இயக்குநர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சத்தம் நின்றது ஆகஸ்டு 24, சனிக்கிழமை, மதியம் 12:40. நீங்கள் சவப்பெட்டிக் கடை விளம்பரப் பதிவின் நடுவில் இருந்தீர்கள். மிச்சத்தை நான் தேடவில்லை. ஆனால் அதன் பிறகு வர வேண்டியவற்றைத் தேடுகிறேன், ஆகவே பதில் எழுதுகிறேன்.

மாமா இந்த வருஷம் இறந்தபோது விட்டுப்போன 640 ஆடுகளுக்கு இதுதான் என் பொறுப்பில் முதல் கம்பளி. கத்தரிக்கும் குழு இந்தப் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று, செகுந்தோவுடையது. செப்டம்பர் 20-ஐத் தாண்டினால் என் ஆடுகள் ஈனத் தொடங்கிவிடும். அதன் பிறகு புரட்டிப் போட்டுக் கத்தரிக்க முடியாது. செகுந்தோ மழையைப் பார்த்துத் தினம் ஒரு திட்டம் மாற்றுகிற ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த நாள் எந்த வீடு என்று அவர் உங்களுக்குப் போன் செய்வார், நீங்கள் ரேடியோவில் வாசிப்பீர்கள், நாங்கள் ஆட்டைத் திரட்டுவோம். இத்தனை வருஷம் அப்படித்தான். மூன்று பள்ளத்தாக்குகளிலிருந்து ஆட்டை இறக்க எனக்கும் ஒரு குதிரைக்கும் இரண்டு நாய்களுக்கும் இரண்டு முழு நாள் வேண்டும். தொழுவம் காலியாக இருந்தால் செகுந்தோ என்ஜினை அணைக்கக்கூட மாட்டார்.

மாமா மகன்கள் இருவரும் எனக்கு ஒரு பருவம் கொடுத்திருக்கிறார்கள். கம்பளி இறங்கினால் நிலம் என் கையில். இறங்காவிட்டால் விற்பனைக்குப் பலகை. 'கம்ப்யூட்டர்க்காரி எத்தனை நாள் தாங்குவா' என்று இங்கே பந்தயம் ஓடுவதாகக் கேள்வி.

எனவே வேடிக்கை வேண்டாம். ஸ்டுடியோ கம்ப்யூட்டரின் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு எழுத்து விடாமல் பார்த்து எழுதவும். அன்று பிற்பகல் எதை எதை மூடினீர்கள் என்பதையும் பக்க வாரியாக எழுதவும். நீங்கள் நினைத்ததை அல்ல, நீங்கள் செய்ததை.

எ. குருவின்கா


அகுவாதா தெல் சோர்ரோ
செப்டம்பர் 5, வியாழன்

எதெல்வினா,

ஒரே கடிதத்தில் ஒன்பது இடத்தில் என்னை உயரத்தில் தூக்கி வைத்திருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன். பதினோரு வருஷம் ஒரே குவளையில் மாத்தே உறிஞ்சிய இரண்டு பேருக்கு நடுவில் 'நீங்கள்' எங்கிருந்து வந்தது? நீ திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

சரி, வேலை. திரையில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று இருக்கிறது. அதற்கு அப்புறம் ஏதோ முணுமுணுப்பாக நீள வரி ஒன்று, எண்களோடு. அதை விட்டுவிட்டேன். அனுமதி மறுத்துவிட்டார்கள் என்றால் மறுத்துவிட்டார்கள், பிறகு என்ன பேச்சு?

பக்கம் மூன்றின்படி, வெளியிலிருந்து நம் கம்ப்யூட்டர்களுக்குள் நுழையும் வழிகளை மூடினேன். மலைக் கம்ப்யூட்டரை இங்கிருந்தே திறந்து பார்ப்பாயே, அந்த வழியும் அதில் போய்விட்டது. இனி அதைத் தொட வேண்டுமானால் மலையேற வேண்டும். பக்கம் ஆறின்படி, மூன்று தடவை தப்பான பாஸ்வேர்டு போட்டால் பூட்டிக்கொள்ளும்படி வைத்தேன். முதலில் பூட்டிக்கொண்டது நான்தான். பக்கம் ஐந்தின்படி, வேலையை விட்டுப் போனவர்களின் பயனர் பெயர்களை முடக்கினேன். த்ரெலேவ் நகரத்துக்குப் போன விளையாட்டு அறிவிப்பாளர், கல்லறைக்குப் போன விளம்பரக்காரர், அப்புறம் நீ.

உண்மையைச் சொல்கிறேன். உன் பெயரில்தான் ஆரம்பித்தேன். அகரவரிசைப்படியும் இல்லை, தேதி வரிசைப்படியும் இல்லை. அழுத்திவிட்டு, துப்பாக்கி சுட்டவன் மாதிரி விரல் நுனியை ஊதிக்கொண்டேன். ஹெர்மீனியாவின் ரொட்டிக்கடையில் போய் அதைச் சொல்லியும் காட்டினேன். அந்த அம்மாள் மாவைப் பிசைந்துகொண்டே, "அவ பேரைப் பொட்டியிலேர்ந்து எடுத்துட்டா உங்க வாயிலேர்ந்து எடுத்துடுவீங்களா?" என்று கேட்டுவிட்டாள். கடையில் ஆறு பேர் இருந்தார்கள்.

செகுந்தோ நேற்றுப் பேசினார். தெற்கே மழை, கம்பளி நனைந்து கிடக்கிறதாம், குழு சும்மா உட்கார்ந்து சீட்டு ஆடுகிறதாம். ஆக உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. எனக்கும்.

ஓவிதியோ


எல் மோயே
செப்டம்பர் 6, வெள்ளி

இயக்குநர் அவர்களுக்கு,

நீங்கள் விட்டுவிட்ட அந்த முணுமுணுப்பு வரியில்தான் எல்லாம் இருந்திருக்கும். அதில் என் பெயர் இருந்திருக்கும்.

இதை எழுதுவதற்குள் இரண்டு குவளை ஆறிப்போய்விட்டது. எழுதிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன் சாஸ்கியை மலையில் நிறுவிய அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. விரல் மரத்துப் போயிற்று. அந்த சர்வீஸுக்கென்று தனியாக ஒரு பயனர் பெயர் உண்டாக்க வேண்டும், அதுதான் முறை. இன்றைக்கு மட்டும் என் பெயரிலேயே ஓடட்டும், நாளைக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று என் பெயரையும் என் பாஸ்வேர்டையும் அதில் போட்டுவிட்டு இறங்கினேன். அந்த நாளை பதினோரு வருஷமாக வரவில்லை. ஆக மலைக் கம்ப்யூட்டர் இத்தனை காலமும் ஸ்டுடியோவின் கதவைத் தட்டி 'எதெல்வினா வந்திருக்கேன்' என்று சொல்லித்தான் உங்கள் குரலை வாங்கிப் போயிருக்கிறது. நான் வேலையை விட்ட பிறகும் தினம் மூன்று வேளை உங்களிடம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன். நீங்கள் விரலை ஊதிக்கொண்ட அன்று அது நின்றது.

தப்பு பாதி என்னுடையது. பாதிதான்.

செய்ய வேண்டியது சுலபம். என் பெயரை முடக்கியதை நீக்குங்கள். அவ்வளவே. பாஸ்வேர்டைத் தொட வேண்டாம். உங்களை நான் அறிவேன், எனவே மறுபடியும் எழுதுகிறேன்: பாஸ்வேர்டைத் தொட வேண்டாம்.

நேற்று ஒரு ஆடு காலம் தப்பி ஈன்றுவிட்டது. பூமாச் சிறுத்தை எடுத்துப் போகாமல் குட்டியைச் சமையலறையில் வைத்திருக்கிறேன். மற்றவை அதைப் பார்த்து அவசரப்படாமல் இருக்க வேண்டும்.

எ.


அகுவாதா தெல் சோர்ரோ
செப்டம்பர் 9, திங்கள்

எதெல்வினா, உட்கார்ந்துகொள். இல்லை, நின்றுகொண்டே படி. நம்மைத் தாக்குகிறார்கள்.

சனிக்கிழமை உன் கடிதம் வந்ததும் ஓடிப்போய் உன் பெயரைத் திறந்தேன். திறந்ததும் கம்ப்யூட்டர், இந்தப் பாஸ்வேர்டு பழசு, குறைந்தது பதினாலு எழுத்தில் புதிது வை என்றது. பக்கம் ஏழும் அதையேதான் சொல்கிறது. நீ தொட வேண்டாம் என்று இரண்டு தடவை எழுதியிருந்தாய், ஒப்புக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் மூன்று தடவை கேட்டது. தொட்டேன்.

ஒன்றரை நிமிஷம். அதற்குள் திரையில் சிவப்புப் பட்டை: 'மூன்று தவறான முயற்சிகள். எதெல்வினா பூட்டப்பட்டார்.' நான் கீபோர்டின் பக்கமே இல்லை, சத்தியமாக. பூட்டைத் திறந்தேன். ஒன்றரை நிமிஷத்தில் மறுபடி பூட்டு. யாரோ உன் பெயரைச் சொல்லிக்கொண்டு, முப்பது நொடிக்கு ஒரு தடவை, கடிகாரம் மாதிரி, உள்ளே நுழையப் பார்க்கிறான். இந்தத் தடவை முணுமுணுப்பு வரியையும் படித்தேன். மலைப் பக்கத்திலிருந்து வருகிறான்.

சார்ஜென்ட் ஒலிவேராவைக் கூப்பிட்டேன். அவர் நாற்காலியைத் திரைக்கு முன் போட்டுக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்து, ஞாயிறு முழுக்க அந்தச் சிவப்புப் பட்டையை முறைத்துப் பார்த்தார். "மூச்சு விடவே மாட்டேங்கிறான் சார், தொழில்காரன்" என்றார். மதியச் செய்தியில் நான் அறிவித்துவிட்டேன், நிலையம் முற்றுகையில் இருக்கிறது என்று. ஊர் அமளிப்படுகிறது. பக்கத்து ஊர் ரேடியோக்காரன்தான் என்கிறார் மருந்துக்கடைக்காரர். ஹெர்மீனியா இரண்டு வேளையும் சார்ஜென்டுக்கு இறைச்சி வைத்துச் சுட்ட எம்பனாதா அனுப்புகிறாள். என்னிடம் இத்தனை வருஷத்தில் ஒரு பன்னுக்குத் தள்ளுபடி தந்ததில்லை.

பயமாகவும் இருக்கிறது. இருபது வயது குறைந்த மாதிரியும் இருக்கிறது. இந்த நிலையத்தில் திருட என்ன இருக்கிறது என்றும் யோசித்தேன். உன் பெயர்தான் இருக்கிறது.

முற்றுகையில் இருப்பவன் பொய் சொல்லக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஆண்டுவிழா விருந்தில் நான் செய்தது கயமை. குட்டி ஒட்டகம் மாதிரி இருக்கிற குவானாகோ ஒன்று உன்னை மலைக் குடிசையின் கூரைமேல் மூன்று மணி நேரம் ஏற்றி வைத்ததையும், நீ அதை 'ஐயா, தயவுசெய்து' என்று கெஞ்சியதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மைக் திறந்திருந்தது, ஆட்டிறைச்சி நன்றாக இருந்தது, எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்புக்கு ஆசைப்பட்டுத் தோழியை விற்றேன். மன்னித்துக்கொள். சிரிப்பு பலமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

செகுந்தோ இன்று பேசினார். வெயில் வந்துவிட்டதாம். குழு கிளம்பிவிட்டது.

ஓவிதியோ


எல் மோயே
செப்டம்பர் 10, செவ்வாய்

ஓவிதியோ,

நீ ஒரு கழுதை. நேரில் சொல்ல ஆசையாக இருக்கிறது, எழுத்தில் தரம் குறைகிறது.

உன் கடிதத்தை வாசல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். சிரித்த சிரிப்பில் குதிரை பத்தடி தள்ளிப் போய் நின்றது. இரண்டு வருஷத்தில் இப்படிச் சிரித்ததில்லை, அந்தக் கோபத்தோடேயே சொல்கிறேன்.

நீ பிடித்து வைத்திருக்கிற திருடன் சாஸ்கிதானப்பா. அந்த அப்பாவி மலைமேல் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு, முப்பது நொடிக்கு ஒரு தடவை மரியாதையாக உன் கதவைத் தட்டுகிறது. நீ சாவியை மாற்றிவிட்டாய். அதனிடம் யார் சொன்னார்கள்? மூன்று தட்டு, பூட்டு. நீ திறக்கிறாய், மறுபடி மூன்று தட்டு, பூட்டு. சார்ஜென்டை வீட்டுக்கு அனுப்பு. எம்பனாதாவுக்காக அவர் போகாவிட்டால் நான் பொறுப்பில்லை.

பழைய பாஸ்வேர்டைத் திரும்ப வைக்கவும் கூடாது. அது ஆறே எழுத்து, 'ஆடுகள்' என்பதற்கு நம் பேச்சில் என்ன சொல்வோமோ அதுதான். ஒரு எண்கூட இல்லை. உன் சுற்றறிக்கை அந்த இடத்தில் சரியாகத்தான் பேசுகிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, யாரிடமும் சொல்லாதே. இந்தத் தடவையாவது.

பதினோரு வருஷம் தள்ளிப்போட்டதை இப்போது செய்வோம். சாஸ்கிக்கென்றே ஒரு பயனர் பெயர் உண்டாக்கு. அது உன் குரலை எடுத்துப் போகலாம், வேறு எதையும் தொடக் கூடாது, அந்த அளவுக்கு மட்டும் அனுமதி கொடு. யார் வேலையை விட்டாலும், யார் செத்தாலும் அந்தப் பெயர் இருக்கும். அதற்கு நீளமான பாஸ்வேர்டு ஒன்று வை. பிறகு யாராவது மலையேறி அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் மலைக் கம்ப்யூட்டரில் போட்டு சாஸ்கியை மறுபடி தொடங்க வேண்டும். நீ ஏறாதே. உன் முழங்காலும் உன் வயிறும் எனக்குத் தெரியும். ஏதாவது பூட்டிக்கொண்டால் திறக்க ஸ்டுடியோவில் ஆளும் வேண்டும். வியாழக்கிழமை அன்செல்மோவுக்கு பஸ் இல்லை. அவர் ஏறட்டும். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று தனித்தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன். கீபோர்டைத் தொட்டதே இல்லை என்பார். பாதகமில்லை, சொன்னதை மட்டும் செய்கிற ஆள், உன்னைப் போல இல்லை.

மலையுச்சியில் போன் எடுக்காது. சவரக் கண்ணாடி ஒன்று கொண்டுபோகச் சொல். கம்ப்யூட்டர் முன் உட்காரத் தயாரானால் வெயிலில் ஒரு மின்னல். அந்தப் பக்கத்து அலையில் அவருடைய கைரேடியோவில் உன் குரல் கேட்டால் மூன்று மின்னல்.

சினை ஆடுகளின் மடி இறங்கத் தொடங்கிவிட்டது. பத்து நாள் என்று கணக்குப் போட்டேன், அத்தனை இருக்காது. சீக்கிரம்.

எதெல்வினா

குவானாகோ விஷயம் அப்படியேதான் இருக்கிறது. கடிதத்தில் கேட்ட மன்னிப்புக்குக் கடிதத்தில் பாதி. மீதியை அதே மைக்கில் கேள்.


அகுவாதா தெல் சோர்ரோ
செப்டம்பர் 12, வியாழன், மாலை

எதெல்வினா, எதெல்வினா,

கோணல் எழுத்துக்கு மன்னித்துக்கொள். வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் முடிவை முதலில் உளறிவிடுவேன்.

புதன்கிழமையே சாஸ்கிக்குப் பெயர் உண்டாக்கிவிட்டேன். பாஸ்வேர்டுக்கு அரைநாள் யோசித்தேன். தாளில் எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, மேலே கையெழுத்தும் போட்டு அன்செல்மோவிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். உன் படங்களைப் பார்த்துவிட்டு, "எதெல்வினா நல்லா வரையுது, இந்த 'மவுஸ்' எலி மட்டும் எலி மாதிரியே இல்லை" என்றார்.

இன்று பன்னிரண்டு மணிக்கு செகுந்தோ போன் செய்தார். காற்றில் பாதி கேட்கவில்லை, கேட்டது போதும்: "சனிக்கிழமை விடியல்ல எல் மோயே. அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க. தொழுவம் காலியா இருந்தா நான் நிக்க மாட்டேன்." உனக்கு ஆட்டைத் திரட்ட இரண்டு நாள். இடையில் இருப்பது வியாழன் பிற்பகலும் வெள்ளியும். நாளைய பஸ்ஸில் சொல்லி அனுப்பினால் ஒரு நாள் போய்விடும். இன்று மாலைக்குள் மலை பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் விற்பனைப் பலகையை நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்.

மருந்துக்கடைக்காரரின் பிக்கப்பில் பாதி வழி, நடந்து மீதி வழி என்று அன்செல்மோ கிளம்பினார். நான் மைக்கின் நீள வயரை ஜன்னல் வழியே இழுத்துச் சதுக்கத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். ஊரே வெளியே வந்துவிட்டது. சார்ஜென்ட் தொலைநோக்கியோடு தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றார். திருடன் யார் என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு முகம் சரியில்லை, இதிலாவது பெயர் வாங்கப் பார்த்தார்.

மூன்று பத்துக்கு மலையுச்சியில் ஒரு மின்னல். சதுக்கம் முழுக்க ஒரு பெருமூச்சு. நான் திரையைப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். திடீரென்று உச்சியில் கண்ணாடி மின்ன ஆரம்பித்தது. ஒன்றில்லை, மூன்றில்லை, முப்பது, நாற்பது, நிறுத்தாமல். அப்படி ஒரு குறி உன் தாளில் இல்லை. பூமா என்றார் மருந்துக்கடைக்காரர். மின்சாரம் பிடித்துவிட்டது என்றார் சார்ஜென்ட். குவானாகோ 'ஐயா' வந்துவிட்டார் என்றான் ஒருவன், அவனை நான் திரும்பிப் பார்த்த பார்வையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

ஹெர்மீனியா மட்டும் மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, "உறையைப் பிரிச்சிருப்பாரு. தாள் பறந்திருக்கும். இந்தக் காத்துல வேற என்ன நடக்கும்?" என்றாள்.

அதேதான். எதெல்வினா, இந்த ஊரில் பிறந்து, துணி உலர்த்தக் கயிற்றில் எட்டுக் கிளிப் போடுகிற ஊரில், ரகசியத்தைத் தாளில் எழுதி மலையுச்சிக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஊரில் இருக்கிற சின்ன டிரான்ஸ்மிட்டர் மலையின் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். அன்செல்மோ கைரேடியோ இல்லாமல் கழிப்பறைக்கும் போகமாட்டார். ஆக வழி இருந்தது. மலையில் இருக்கிறவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் நாம் காலம் காலமாக என்ன செய்வோம்? எனக்கு வேறு எதுவும் தோன்றவே இல்லை. மைக்கை எடுத்தேன். சார்ஜென்ட் தொட்டிமேலிருந்து, "சார், அது ரகசியம், ஏழாம் பக்கம், பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லக் கூடாது" என்று கத்தினார். எனக்குப் பெண்டாட்டி இல்லை, ஊர்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாசித்தேன்:

"செவிட்டு மலையில் இருக்கும் அன்செல்மோவுக்கு அவசரச் செய்தி. பாஸ்வேர்டு வருமாறு. தோர்த்தா ஃப்ரீத்தா, மழை நாள்ல பொரிச்ச அப்பம் திங்கிறோமே, அதுதான். ரெண்டுக்கும் முதலெழுத்து பெரிசு. நடுவுல இடம் விடாதீங்க. அப்புறம் ஒரு நட்சத்திரம், எட்டாம் நம்பர் மேல இருக்கு. அப்புறம் நம்ம ஊர் பிறந்த வருஷம். மறுபடி சொல்றேன்."

ஏழு தடவை சொன்னேன். மெதுவாக, ஞானஸ்நானம் செய்கிற மாதிரி. சதுக்கத்தில் எண்பது பேர் வாயசைத்து என்னோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உச்சியில் ஒரு மின்னல். பிறகு நான் இதுவரை வாழ்ந்ததிலேயே நீளமான நாலு நிமிஷம். திரையில், சிவப்பு இல்லாமல், சாதுவாக ஒரு வரி வந்தது: 'சாஸ்கி உள்ளே வந்தது.' நான் கத்துவதற்குள் மலையில் ஒன்று, இரண்டு, மூன்று. தண்ணீர்த் தொட்டிமேல் சார்ஜென்ட் ஆடினார். மருந்துக்கடைக்காரர் என்னைக் கட்டிக்கொண்டார், அவர் மருந்து விலைமேல் எனக்கு இருக்கிற பழைய சந்தேகத்தை அந்த நிமிஷம் தள்ளி வைத்தேன்.

அப்புறம் வாசித்தேன், மூன்று ஐம்பதுக்கு: 'எல் மோயேவில் இருக்கும் எதெல்வினா குருவின்காவுக்கு: கத்தரிப்புக் குழு சனிக்கிழமை விடியலில் உங்கள் தொழுவத்துக்கு வருகிறது. ஆட்டைத் திரட்டவும்.' மறுபடியும் ஒரு தடவை வாசித்தேன். அதோடு, அதே மைக்கில், எண்பது பேர் முன்னால், மலைக்கு அப்பாலும் இப்பாலும் கேட்க, குவானாகோ விஷயத்துக்கு மன்னிப்பும் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

நீ கேட்டுக்கொண்டிருந்திருப்பாய். இரைச்சல் சட்டென்று அடங்கி என் குரல் வந்ததும் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருப்பாய். அந்தக் காட்சியை நினைத்து நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். இந்த நிமிஷம் நீ குதிரைமேல் மேற்குப் பள்ளத்தாக்கில் இருப்பாய்.

பள்ளி விட்டுப் போகிற பிள்ளைகள் பாஸ்வேர்டைப் பாட்டாகப் பாடிக்கொண்டு போகிறார்கள். ஹெர்மீனியா அதைக் கேட்டுக் கேட்டு ஆசை வந்து மூன்று டஜன் தோர்த்தா ஃப்ரீத்தா பொரித்துவிட்டாள், மழை இல்லாத நாளிலேயே. பாஸ்வேர்டை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அன்செல்மோ இன்னொரு தடவை ஏறமாட்டாராம்.

திரும்பி வா. பாதி நாள் வந்தாலும் போதும்.

ஓவிதியோ


எல் மோயே
செப்டம்பர் 14, சனி

ஓவிதியோ,

அன்செல்மோ கம்பத்தடியில் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கிறார், சுருக்கமாக எழுதுகிறேன். உன் கடிதத்தை இப்போதுதான் பிரித்தேன், நேற்று வீட்டிலேயே இல்லை.

செகுந்தோ விடியலில் வந்தார். தொழுவத்தில் 618 ஆடு நின்றது. மீதி 22 எங்கேயோ காற்று வாங்குகின்றன. பதினோரு மணிக்குக் கடைசி ஆடும் நிர்வாணமாக வெளியே ஓடியது. கம்பளி மூட்டைகள் கொட்டகை கொள்ளாமல் வாசலில் கிடக்கின்றன, அதில் ஒன்றின்மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மாமா மகன்களுக்கு இரண்டே வரியில் ஒரு செய்தி எழுதியிருக்கிறேன், இன்று எட்டு மணிக்கு வாசி. சொந்தமாக எதுவும் சேர்க்காதே.

வேலைக்குத் திரும்ப மாட்டேன். ஈற்று முடிந்ததும் மாதம் ஒரு தடவை வந்து நீ எதை எதையெல்லாம் தொட்டிருக்கிறாய் என்று பார்க்கிறேன். முதல் வேலை அந்தப் பாட்டை மாற்றுவது. மலை நானே ஏறிக்கொள்கிறேன்.

பதினேழு வீட்டுக்கும் நீ கேட்கிறாய் என்று செகுந்தோவின் ஆட்கள் சொன்னார்கள். உன் மன்னிப்பையும் அவர்கள்தான் நடித்துக் காட்டினார்கள். நன்றாக இருந்தது.

நீ அந்தக் காட்சியை அவ்வளவு நினைத்திருக்கிறாய், அதனால் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. வியாழக்கிழமை மூன்று ஐம்பதுக்கு என் ரேடியோ வீட்டில் அணைந்து கிடந்தது. நான் காலையிலிருந்தே மேற்குப் பள்ளத்தாக்கில் ஆடு இறக்கிக்கொண்டிருந்தேன். செகுந்தோ சனிக்கிழமை வருகிறார் என்று அன்செல்மோ புதன்கிழமையே சொல்லிவிட்டார், உன் பெயருக்கு ஒட்டிய உறையை நான் அவர் கையில் கொடுத்த பிறகு. வழியில் சாப்பிட இறங்கிய இடத்தில் அவரும் செகுந்தோவும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்களாம். பிறகு எதற்கு மலையேறினீர்கள் என்று இப்போது கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு ஆசையா இருந்தீங்க," என்றார். "நான் எதுக்குக் கெடுக்கணும்?"

எதெல்வினா